தானே மாறும் தட்டு, தானே திரும்பும் தட்டு

பாட்டுக் கேட்பதற்கு இக்காலத்தில் விரலால் ஒரு முறை தொடுதல் போதும். ஒரு பாட்டு முடிந்ததும் மற்றொன்று தானே தொடங்குகிறது. கேட்பவர் இருந்த இடத்தை விட்டு எழ வேண்டுவதில்லை. இவ்வசதி மின்னணுக் காலத்தின் கொடை என்றே நம் பிள்ளைகள் எண்ணுகின்றனர். உண்மை வேறு. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, பல்சக்கரமும் நெம்புகோலும் சுருள்வில்லும் கொண்டு, இசைத்தட்டைத் தானே மாற்றும் இயந்திரத்தை மனிதன் செய்துவிட்டான். தட்டைத் தானே திருப்பிப் போடும் இயந்திரத்தையும் செய்தான்.

அவ்வியந்திரங்களின் வரலாற்றை இத்திங்கள் நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. சாந்தன்பாறை, பூப்பாறை, இராசகுமாரி, போடிமெட்டு என்னும் இம்மலை ஊர்களில் குடியேறிய நம்மவர் பலர், மூட்டை முடிச்சுகளோடு ஒரு பாட்டுப்பெட்டியையும் ஒரு கட்டு இசைத்தட்டுகளையும் கொண்டுவந்தனர். பெட்டி பழுதாகிப் பழைய சாமான்காரனிடம் போயிருக்கலாம். தட்டுகளோ பல வீடுகளில் பரண்மீது இன்னும் உறங்குகின்றன. அவற்றை எழுப்பிக் கேட்க விரும்புவோரும் காக்க விரும்புவோரும் அவை எவ்வாறு சுழன்றன, எவ்வாறு மாறின, எவ்வாறு உடைந்தன என்பதை அறிந்திருத்தல் நலம். அறியாமல் கை வைத்தால், எஞ்சிய குரலையும் நாமே அழித்தவர்களாவோம்.

மூன்று நிமிட எல்லை

எமில் பெர்லினர் என்பார் 1887ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிராமபோனுக்கு உரிமம் பெற்றார். அதற்கு முன் எடிசன் செய்த இயந்திரத்தில் ஒலி உருளையில் பதிந்தது. பெர்லினர் தட்டையான வட்டத்தில் பதித்தார். ஓர் அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான படிகளை அழுத்தி எடுக்கலாம் என்பதே தட்டின் பெருஞ்சிறப்பு. 1902ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் அம்மையாரின் பாட்டைப் பதிவு செய்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே தென்னாட்டுக் குரல்களும் தட்டில் ஏறின. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி முதலியோர் பாடியவை அக்கால வீடுகளில் ஒலித்தன. 1926இல் மதுரைச் சிறுமி ஒருத்தி பத்து வயதில் தம் முதல் தட்டைப் பாடினார். அவரே பின்னாளில் எம். எஸ். சுப்புலட்சுமி என உலகு போற்ற நின்றார்.

இத்தட்டுகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 முறை சுழல்பவை. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மிகுதியாக ஓடும். மூன்று நிமிடம் என்று கொண்டால், 234 சுற்றுகளுக்குள் பாட்டு முடிந்தாக வேண்டும். பன்னிரண்டு அங்குலத் தட்டாயின் நான்கு நிமிடத்துக்கு மேல் கிட்டும். 1904ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மானிய ஓடியன் நிறுவனம் இரு பக்கமும் பதிந்த தட்டுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனால் ஒரு தட்டில் இரு பாட்டுகள் அமைந்தன. கூடவே, தட்டைத் திருப்பிப் போடும் வேலையும் சேர்ந்துகொண்டது.

கச்சேரியில் ஒரு மணி நேரம் விரியும் இராகம் இவ்வெல்லைக்குள் சுருங்க நேர்ந்தது. திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளையவர்களின் தோடித் தட்டு தமிழகம் முழுதும் புகழ் பெற்றது. ஆனால் நாகசுரம் உச்சத்தை எட்டும் வேளையில் கேட்பவர் எழுந்து ஓட வேண்டியிருந்தது. ஊசியைத் தூக்க வேண்டும். தட்டைத் திருப்ப வேண்டும். புதிய ஊசி மாட்ட வேண்டும். சாவி கொடுக்க வேண்டும். வீட்டில் இவ்வேலைக்கென்றே ஒரு சிறுவன் பெட்டியருகே அமர்த்தப்படுவான். அவன் அயர்ந்தால் இசையும் அயர்ந்துவிடும்.

முதல் மாற்று இயந்திரங்கள்

இக்குறையைத் தீர்க்க முனைந்தோர் பலர். அவருள் ஒருவர் ஆஸ்திரேலியாவைச் சார்ந்த டாஸ்மேனியாத் தீவின் ஹோபார்ட் நகரத்தவரான எரிக் வாட்டர்வொர்த். 1925ஆம் ஆண்டில் அவர் தட்டுகளைத் தானே மாற்றும் கருவியை அமைத்தார். தொலைவிலுள்ள சிறு தீவொன்றின் பட்டறையில் இவ்வெண்ணம் உருப்பெற்றது என்பது, ஒதுங்கிய மலையில் வாழும் நமக்கு ஊக்கமளிக்கும் செய்தியாகும்.

1927இல் அமெரிக்காவின் விக்டர் நிறுவனம் தானியங்கி விக்ட்ரோலா ஒன்றை விற்பனைக்கு விட்டது. பன்னிரண்டு தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அது இசைக்கும். ஒரு தட்டு முடிந்ததும் இயந்திரம் அதைத் தூக்கி, மெத்தென்ற துணி விரித்த அறையொன்றில் தள்ளிவிட்டு, அடுத்த தட்டை ஏற்றுக்கொள்ளும். விலை 600 டாலர். அதே ஆண்டில் ஒரு ஃபோர்டு டி மோட்டார் வண்டியை அதனினும் குறைந்த விலைக்கு வாங்க முடிந்தது. செல்வர் வீட்டு விளையாட்டாகவே அக்கருவி அன்று இருந்தது எனலாம்.

1930களிலும் 40களிலும் விலை இறங்கியது. இங்கிலாந்தில் ஸ்விண்டன் நகரத்துக் காரார்டு நிறுவனமும், பின்னர்ப் பர்மிங்ஹாம் பகுதியைச் சேர்ந்த பி. எஸ். ஆர். நிறுவனமும் இலட்சக்கணக்கில் இக்கருவிகளைச் செய்து உலகெங்கும் அனுப்பின. மரப்பெட்டிக்குள் வானொலியும் மாற்றுக் கருவியும் ஒருங்கே அமைந்த 'ரேடியோகிராம்' நம் நாட்டு வசதி படைத்த வீடுகளின் முன்கூடத்தையும் அலங்கரித்தது. மக்கள் அதனை 'சேஞ்சர்' என்றே அழைத்தனர்.

பாட்டு முடிந்ததை இயந்திரம் அறிவது எங்ஙனம்?

கண்ணும் காதும் இல்லாத இயந்திரத்துக்குப் பாட்டு முடிந்தது என்று யார் சொல்வது? இவ்வினாவுக்கு விடை தட்டிலேயே அமைந்துள்ளது. பாட்டு ஓடும் வரையில் வரிப்பள்ளங்கள் மிக நெருக்கமாக இருப்பதால், ஊசி தாங்கிய கை மெல்ல மெல்ல உள்நோக்கி நகரும். பாட்டு முடிந்ததும் பள்ளம் அகன்ற சுருளாக உட்புறம் ஓடும். கையும் விரைந்து உள்ளே செல்லும். சில தட்டுகளில் இறுதி வளையம் நடுப்புள்ளியிலிருந்து விலகி அமைந்திருக்கும். அதில் விழுந்த ஊசி முன்னும் பின்னுமாக ஆடும்.

இந்த விரைவையோ ஆட்டத்தையோ கையின் அடியில் உள்ள ஒரு சிறு நெம்புகோல் உணர்கிறது. மெல்ல நகரும்போது நெம்புகோல் வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். விரைந்து நகரும்போது ஒதுங்க நேரமின்றிச் சுழல்மேடையின் அடியிலுள்ள பல்லில் தட்டும். அவ்வளவே வேண்டும். அதுவரை ஓய்ந்திருந்த பெரிய பல்சக்கரம் ஒன்று சுழல்மேடையோடு பிணைந்து ஒரே ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். அச்சுற்றுக்குள் எல்லாம் நிகழ்ந்துவிடும்: கை உயர்கிறது; வெளிப்புறம் விலகுகிறது; புதுத் தட்டு விழுகிறது; அதன் அளவு பத்து அங்குலமா பன்னிரண்டு அங்குலமா என்பதை ஓர் உணர்கோல் தொட்டறிகிறது; கை அதற்கேற்ற விளிம்புக்கு வந்து மெல்ல இறங்குகிறது. வேறு மோட்டார் வேண்டியதில்லை. தட்டைச் சுழற்றும் ஆற்றலே தட்டை மாற்றவும் பயன்படுகிறது. ஏற்றம் இறைக்கும் மாட்டையே வண்டியிலும் பூட்டும் நம் உழவர் சிக்கனத்தை ஒத்தது இது.

மிகப் பழைய தட்டுகளில் இத்தகைய இறுதிச் சுருள் இல்லை. பாட்டு முடிந்த இடத்தில் பள்ளமும் நின்றுவிடும். அத்தகைய தட்டைத் தானியங்கிப் பெட்டியில் இட்டால், முடிவை அறியாத இயந்திரம் ஊசியை உள்வளையத்தில் தேய்த்துக்கொண்டே நிற்கும். பழந்தட்டு வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய முதற் செய்தி இது.

தட்டு விழும் விந்தை

அடுக்கி வைத்த தட்டுகளில் அடியிலுள்ள ஒன்று மட்டும் விழ வேண்டும். மேலுள்ளவை நிற்க வேண்டும். இதற்கு இருவகை வழிகள் கண்டனர். முதல் வழியில், தட்டடுக்கின் ஓரத்தை இரண்டு மூன்று தூண்கள் தாங்கி நிற்கும். தூண்களிலுள்ள மெல்லிய தகடுகள் கத்தி போல் அடித்தட்டுக்கும் அதற்கு மேல்தட்டுக்கும் இடையே நுழைந்து மேலுள்ளவற்றைத் தாங்கிக்கொள்ள, அடித்தட்டு கீழே விழும். தட்டின் கனம் சிறிது மிகுந்தாலும் குறைந்தாலும் அத்தகடு விளிம்பையே கடித்துவிடும்.

இரண்டாம் வழியில், நடுத்தண்டிலேயே ஒரு படி அமைந்திருக்கும். அடித்தட்டின் துளை அப்படியின்மேல் அமர்ந்திருக்கும். ஒரு சிறு தள்ளுகோல் அத்தட்டை மட்டும் பக்கவாட்டில் நகர்த்த, துளை தண்டுக்கு நேராகித் தட்டு வழுக்கி விழும். மேலுள்ளவற்றைத் தண்டுக்குள்ளிருக்கும் நுண்ணிய கொக்கி பிடித்துக்கொள்ளும். எளிமையான இவ்வழியே இறுதியில் நிலைத்தது.

1949இல் ஆர். சி. ஏ. விக்டர் நிறுவனம் வெளியிட்ட 45 சுற்றுத் தட்டில் நடுத்துளை ஒன்றரை அங்குல அகலம். துளை ஏன் இத்துணைப் பெரிது என்று கேட்போர் உளர். மாற்றுக் கருவியின் உறுப்புகள் முழுவதும் அப்பருத்த தண்டுக்குள்ளேயே அடங்கவேண்டும் என்பதற்காகவே அவ்வாறு அமைத்தனர். தட்டின் நடுப்பகுதியைச் சற்றுத் தடிப்பாகவும் செய்தனர்; ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் பள்ளங்கள் உரசாமல் இருக்க அது உதவிற்று. இயந்திரத்துக்கேற்பத் தட்டே வடிவம் மாறியது என்பது இங்கு நோக்கத்தக்கது.

கோவலன் கதை தலைகீழாகும் வகை

தட்டைத் தானே மாற்றியாயிற்று. ஆயினும் ஒரு சிக்கல் தீரவில்லை. மாற்றுக் கருவி தட்டின் மேற்பக்கத்தை மட்டுமே இசைக்கும். தனிப் பாட்டுகளாயின் குற்றமில்லை. நம்மவர் பெரிதும் விரும்பிய நாடகத் தட்டுகளின் நிலை யாது?

ஒலிபெருக்கியும் திரைப்படமும் எட்டாத ஊர்களில், பல தட்டுகள் கொண்ட 'நாடக செட்' ஒரு கொட்டகையையே வீட்டுக்குக் கொண்டுவந்தது. 1930களின் தொடக்கத்தில் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வாயிலாக ஓடியன் தட்டுகளைப் பரப்பிய காலத்தில் இவ்வகைத் தட்டுகளுக்கு நல்ல வரவேற்பு இருந்தது. பின்னர், 1959இல் வந்த வீரபாண்டிய கட்டபொம்மன் போன்ற திரைப்படங்களின் வசனங்களும் தட்டாக வந்து ஊரெங்கும் முழங்கின.

நான்கு தட்டுகள் கொண்ட கோவலன் நாடகம் ஒன்றை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். முதல் தட்டில் 1, 2 ஆம் பாகங்கள். இரண்டாவதில் 3, 4. மூன்றாவதில் 5, 6. நான்காவதில் 7, 8. இவற்றை மாற்றுக் கருவியில் அடுக்கினால் முதலில் 1, 3, 5, 7 ஆம் பாகங்கள் ஒலிக்கும். பிறகு தட்டுகள் அனைத்தையும் அடுக்காகவே எடுத்துக் கவிழ்த்துப் போட்டால் 8, 6, 4, 2 என்று கேட்கும். மதுரை எரிந்த பின்னர்க் கோவலன் சிலம்பு விற்கப் புறப்படுவான்! இறுதியில் மாதவியின் ஆடலோடு கதை நிறைவுறும்!

மேனாட்டுச் சிம்பொனி இசைக்கும் இதே இடர் நேர்ந்தது. அவர்கள் கண்ட வழி மிக எளியது. இயந்திரத்தை மாற்றாமல் எண்களை மாற்றினர். முதல் தட்டில் 1, 8. இரண்டாவதில் 2, 7. மூன்றாவதில் 3, 6. நான்காவதில் 4, 5 என்று அச்சிட்டனர். அடுக்கி வைத்தால் 1, 2, 3, 4 ஒலிக்கும். அடுக்கைக் கவிழ்த்தால் 5, 6, 7, 8 வரிசையாக வரும். எட்டு முறை எழுந்தவர் ஒருமுறை எழுந்தாற் போதும். ஆனால் சாவி கொடுக்கும் பெட்டி வைத்திருந்த ஏழைக்கு இவ்வரிசை பெருந்தொல்லை. ஒரு பக்கம் கேட்டபின் அடுத்த பாகத்துக்கு வேறு தட்டைத் தேட வேண்டும். ஆகவே நிறுவனங்கள் ஒரே இசையை இருவகை எண்வரிசையிலும் விற்றன. கருவி உள்ளவனுக்கு ஒரு வரிசை, கருவி இல்லாதவனுக்கு ஒரு வரிசை!

திருப்பிப் போட்ட இயந்திரங்கள்

எண்ணை மாற்றாமல், கதையைக் குழப்பாமல் கேட்க வேண்டுமாயின் தட்டைத் தானே திருப்பும் இயந்திரம் தேவை. இதில் பெரும்புகழ் பெற்றது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக் கேப்ஹார்ட் நிறுவனம். அதனை நிறுவிய ஹோமர் கேப்ஹார்ட் பின்னாளில் 1945 முதல் 1963 வரை அமெரிக்கச் செனட் சபை உறுப்பினராகவும் இருந்தார். 1930களில் வந்த அவருடைய பெரிய பெட்டி, இருபது தட்டுகள் வரை ஏற்று, ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் இசைத்தபின் விளிம்பைப் பற்றி எழுப்பி, மறுபுறம் கவிழ்த்து, மீண்டும் சுழல்மேடையில் வைக்கும். தோசையைத் திருப்பும் கைத்திறம் இரும்புக்கு வந்தது போன்ற காட்சி அது. மணிக்கணக்கில் இடையீடின்றி இசை கேட்கலாம். ஆனால் அரக்குத் தட்டு தோசையன்று. இயந்திரத்தின் ஓர் உறுப்பு சிறிது பிசகினாலும் தட்டுப் பிளக்கும். 'சாதனையை உடைப்பது' என்று சொல்ல ஆங்கிலத்தில் வழங்கும் தொடரே தட்டை உடைப்பதையும் குறிக்குமாதலால், இவ்வியந்திரங்களைப் பற்றி வேடிக்கை பேசுவோருக்குப் பஞ்சமில்லை.

தட்டைத் திருப்பினால்தானே உடையும், ஊசியைத் திருப்பினால் என்ன என்று எண்ணினர் வேறு சிலர். 1940களின் தொடக்கத்தில் ஆர். சி. ஏ. விக்டர் ஒரு கருவியை வெளியிட்டது. அதன் கையில் மேலே ஓர் ஊசி, கீழே ஓர் ஊசி. மேற்பக்கம் முடிந்ததும் கீழ் ஊசி அடிப்பக்கத்தைத் தொட்டு இசைக்கும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. தட்டின் எப்பக்கமும் அதனை நேர்நோக்கிப் பார்ப்பவருக்குக் கடிகார முள் சுழலும் திசையிலேயே சுழல வேண்டும். அடிப்பக்கத்தை மேலிருந்து பார்த்தால் அத்திசை தலைகீழாகும். ஆகவே அடிப்பக்கம் ஒலிக்கும்போது மோட்டாரே எதிர்த்திசையில் சுழலுமாறு அமைத்தனர்.

1948இன் இறுதியில் சீபர்க் நிறுவனம் கொண்டுவந்த உணவுவிடுதிப் பாட்டுப்பெட்டியில் ஐம்பது தட்டுகள் புத்தகங்களைப் போல் செங்குத்தாக நின்றன. இயந்திரம் தண்டவாளத்தில் ஓடிச்சென்று வேண்டிய தட்டை எடுத்து, நிமிர்ந்த நிலையிலேயே பிடித்து, இடப்பக்கமோ வலப்பக்கமோ வேண்டியதை இசைத்தது. ஐம்பது தட்டில் நூறு பாட்டு! திருப்புதலே தேவையற்றதாயிற்று. பின்னாளில் 1980களில் ஜப்பானின் ஷார்ப் நிறுவனமும் நீண்ட இசைத்தட்டின் இரு பக்கத்தையும் திருப்பாமல் இசைக்கும் பெட்டியைச் செய்தது. அக்காலத்தில் வளைகுடாவிலிருந்து நம் வீடுகளுக்கு வந்த ஒலிநாடாப் பெட்டிகளில் 'ஆட்டோ ரிவர்ஸ்' என்று பெருமையோடு எழுதியிருந்ததை நினைவுகூர்வோர் பலர் இருப்பர். அதுவும் இவ்வெண்ணத்தின் வழித்தோன்றலே.

அரக்கும் ஊசியும்

78 சுற்றுத் தட்டு எதனால் ஆனது? பலர் கருங்கல் தூள் என்பர். சிலர் எபொனைட் என்பர். அதன் உயிர்ப்பொருள் அரக்கு. புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சியின் சுரப்பு அது. உலகத் தட்டுத் தொழிலுக்குப் பெரும்பங்கு அரக்கை வழங்கியது நம் நாடே. சோட்டா நாகபுரிக் காடுகளில் பழங்குடி மக்கள் திரட்டிய அரக்கு கடல் கடந்தது. இராஞ்சிக்கருகில் 1924இல் அரக்கு ஆராய்ச்சிக் கழகமும் எழுந்தது. இரண்டாம் உலகப் போரில் 1942ஆம் ஆண்டு அரக்கு வரத்துத் தடைப்படவே, அமெரிக்க அரசு தட்டுத் தொழிலுக்குக் கட்டுப்பாடு விதித்தது. தோட்டத்தில் ஏலம் எடுக்கும் நம் பெண்டிரைப் போலவே, காட்டில் அரக்கு எடுத்த பெண்டிரும் தம் உழைப்பு எந்நாட்டு மாளிகையில் பாட்டாக ஒலித்தது என்பதை அறிந்திலர்.

அரக்கோடு கனிமத் தூளும் கலந்தனர். அத்தூள் எஃகு ஊசியைத் தேய்த்துப் பள்ளத்துக்கேற்ப வடிவாக்கும். ஆகவேதான் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புது ஊசி என்று விதித்தனர். இங்கே தானியங்கிக் கருவிக்கு மற்றொரு தடை எழுந்தது. பத்துத் தட்டு வரிசையாக ஓடும்போது இடையில் ஊசி மாற்றுவது யார்? ஆதலின் முதலில் உறுதிமிக்க உலோக ஊசிகளும், பின்னர் நீலமணிக்கல் ஊசிகளும் வந்தன. மின்னாற்றலால் ஒலி பெருக்கும் முறை வந்தபின் கையின் கனமும் குறைந்தது. பழைய பெட்டியில் நூறு கிராமுக்கு மேல் தட்டை அழுத்திய கை, இக்காலத்துக் கருவிகளில் சில கிராம்களே அழுத்துகிறது.

நம் மலைநாட்டில்

1940இல் பள்ளிவாசலில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் அதுவே. மலையில் பிறந்த மின்சாரம் கம்பி வழியே சமவெளிக்கு இறங்கிற்று. அதே மலையின் லயங்கள் பலவற்றில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. ஆகவே மின்சாரத்தால் இயங்கும் சேஞ்சர் பெட்டி நம்மவருள் பலருக்கு எட்டாப் பொருளாயிற்று. சாவி கொடுக்கும் பெட்டியே உற்ற துணை. மழைக்காலத்து மாலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு வீட்டில் பத்துப் பேர் கூடிக் கேட்பது வழக்கம். காதுகுத்து, சடங்கு, மாரியம்மன் திருவிழா என்றால் போடியிலிருந்தோ தேனியிலிருந்தோ குழாய் கட்டுவோர் வருவர். அவர்களும் தட்டைக் கையாலேயே திருப்பினர். எப்பாட்டை எவ்வேளையில் போடுவது என்பதை இயந்திரத்துக்கு விட்டுவிட இயலாதன்றோ! தாலி கட்டும் வேளையில் சோகப் பாட்டு விழுந்தால் யார் பொறுப்பு?

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. நம் பிள்ளைகள் இரு மொழிக்கும் உரியோராய் வளர்ந்தனர். அது நன்மையே. எனினும் தமிழ்ப் பள்ளி தொலைவிலிருந்த ஆண்டுகளில், வீட்டுக்குள் தூய தமிழ் உச்சரிப்பைக் கேட்பித்த ஆசான்களுள் இவ்வரக்குத் தட்டும் ஒன்று. எழுத்தறியாத மூதாட்டியும் கட்டபொம்மன் வசனத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தது அதன் பயனேயாம்.

பரண்மேல் இருப்பவை என்னாகும்?

ஒரு தட்டின் மூல உலோக அச்சு அழிந்திருப்பின், வீடுகளில் எஞ்சிய படிகளே அக்குரலுக்கு இறுதிச் சான்று. அத்தகைய ஒன்று உங்கள் பரணிலும் இருக்கலாம். எது அரிது, எது எளிது என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிட இயலாது. ஆகையால் அனைத்தையும் அரியனவாகவே கருதிப் போற்றுதல் வேண்டும். சில எளிய நெறிகளைக் கீழே தருகிறோம்.

முதலாவது, அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்கலாகாது. ஸ்பிரிட்டில் அரக்குக் கரையும். பாட்டும் உடன் கரையும். வடித்த நீரில் மிகச் சிறிது மென்மையான சோப்புநீர் கலந்து, மெல்லிய தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, நல்ல நீரால் அலசி, உடனே துணியால் ஒற்றி நிழலில் உலர்த்துக. நடுவிலுள்ள தாள் நனையாமல் பார்த்துக்கொள்க. அத்தாளிலுள்ள பெயரும் எண்ணுமே தட்டின் பிறப்புச் சீட்டு.

இரண்டாவது, தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காதீர். புத்தகம்போல் நிமிர்த்தி, சாயாமல் நிறுத்துக. பத்து அங்குலத் தட்டு ஒன்று ஏறத்தாழ இருநூறு கிராம். ஐம்பது தட்டின் கனம் அடித்தட்டின்மேல் பத்துக் கிலோவாக ஏறும். நம் மழைக்காலத்து ஈரத்தில் பழைய காகித உறைகள் பூஞ்சணம் பூக்கும், அவற்றை மாற்றிவிடுக. அடுப்புப் புகையும் நேர்வெயிலும் படும் பரணைத் தவிர்க்க.

மூன்றாவது, நீண்ட நேரத் தட்டுக்குரிய ஊசி 78 சுற்றுத் தட்டுக்குப் பொருந்தாது. 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகன்றது; அதற்குரிய ஊசிமுனை ஏறத்தாழ மூன்று மடங்கு பெரிது. மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் உருண்டு இரைச்சலையே தரும். பழைய எஃகு ஊசியை வினைல் தட்டின்மேல் வைப்பதோ கொலைக்கு ஒப்பாகும்; ஒரே முறையில் பள்ளத்தைச் சிதைத்துவிடும்.

நான்காவது, அரக்குத் தட்டைத் தானே மாற்றும் பெட்டியில் அடுக்கி விழவிடாதீர். அக்காலத்தில் உடைந்தால் கடையில் வேறொன்று கிட்டியது. இன்று உடைந்தால் உடைந்ததே. ஒவ்வொன்றாக வைத்துக் கேட்டு, கணினியில் ஒருமுறை பதிந்துகொண்டு, தட்டுக்கு ஓய்வு கொடுங்கள். பதியும்போது நாடகத் தட்டாயின் தாளில் அச்சிட்ட பாக எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்துக. கோவலன் கதை மீண்டும் குழம்பவேண்டாம்.

ஐந்தாவது, விற்பதற்கு முன் ஒருமுறை கேட்டறியுங்கள். நம் மலையிலிருந்து மேற்கே இறங்கினால் கோட்டயம் மாவட்டத்துப் பிளாசனாலில், வன வளர்ச்சிக் கழகத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற சன்னி மேத்யூ அவர்கள் 2015இல் திறந்த கிராமபோன் அருங்காட்சியகம் உள்ளது. தம் சொந்த முயற்சியால் திரட்டிய பாட்டுப்பெட்டிகளையும் பல்லாயிரம் தட்டுகளையும் அவர் அங்கே வைத்துள்ளார். தனியொருவர் இத்துணை செய்ய முடியுமாயின், ஒரு சங்கம் தன் உறுப்பினர் வீட்டுத் தட்டுகளுக்கு ஒரு பட்டியலாவது எழுத முடியாதா?

நாம் வேண்டுவது

இயந்திரம் தட்டை மாற்றக் கற்றது, திருப்பவும் கற்றது, எதை மீண்டும் கேட்க வேண்டும் என்று தெரிந்தெடுக்க மட்டும் அது கற்கவில்லை. அது நம் கடமையாகவே எஞ்சி நிற்கிறது. ஆகவே, அடுத்த மழை தொடங்குமுன் ஒவ்வொரு குடும்பத்தாரும் பரணை ஒருமுறை இறக்கிப் பார்க்குமாறு வேண்டுகிறோம். தட்டின் நிறுவனப் பெயர், எண், பாடியவர் பெயர், பாட்டின் தொடக்கம், உடைவு உண்டா இல்லையா ஆகிய ஐந்து செய்திகளை ஒரு தாளில் எழுதுங்கள். தட்டு வீட்டுக்கு வந்த கதையைப் பெரியவர்களிடம் கேட்டு அதையும் குறித்துக்கொள்ளுங்கள். தட்டிலுள்ள குரலைக் கருவியால் படியெடுக்கலாம். தாத்தா அதை எவ்வூர்ச் சந்தையில், எத்தனை நாள் கூலியைச் சேர்த்து வாங்கினார் என்பது எந்தத் தட்டிலும் பதியவில்லை. அதனை அறிந்தவர் நம்மோடு இருக்கும்போதே எழுதிக்கொள்வோமாக.